பாஸ்வேர்ட் சரியாகத்தான் இருந்தது

கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறு வந்தாலும் "அணைச்சுட்டு மறுபடி போட்டுப் பாருங்க" என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பாதி நேரம் அது சரியாகியும் விடும் என்பதுதான் எரிச்சல். ஏன் கெட்டது, ஏன் சரியானது என்று எதுவுமே தெரியாமல் ஒரு மனிதர் எப்படி நிம்மதியாகச் சாப்பிட உட்காருகிறார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். உட்காரத்தான் செய்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குச் சாட்சியாகத்தான் கூப்பிட்டீர்கள், மேடம். வெண்ணந்தூர் ஹேச்சரியில் மாதையன் உயிரைக் கொண்டுபோன விபத்து நடந்த அன்று கம்ப்யூட்டர் ஏன் சரியான பாஸ்வேர்டைத் தப்பு என்று சொன்னது, அதைக் கோர்ட்டில் இருப்பவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். நாற்காலி போட்டு, மின்விசிறியையும் என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். ஒரு பத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அரிசிபாளையத்துக்கு வீட்டைப் பார்க்கப் போயிருக்கலாம். ஆனால் உங்கள் மேசைமேல், ஹேச்சரியில் இப்போது கம்ப்யூட்டர் பார்க்கிற இளவழகன் கொடுத்த அறிக்கை இருந்தது. அதை நான் எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகப் படித்துவிட்டேன்.

"சோர்ஸிலிருந்து கட்டப்பட்ட அனுமதி மென்பொருள் சரிவர நிறுவப்படாததால்" என்று எழுதியிருக்கிறார். சரிவர நிறுவப்படாததால். இதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஹேச்சரி என்றால் கோழிக்குஞ்சு பொரிக்கிற இடம். பண்ணையிலிருந்து வருகிற முட்டைகளை அடை வைக்கும் மெஷினுக்குள் ஏற்றுவதற்கு முன் ஒரு சின்ன அறையில் டிராலியோடு நிறுத்தி, கதவைச் சாத்தி, ஃபார்மலினைச் சூடாக்கிப் புகை போடுவார்கள். ஓட்டின் மேலிருக்கிற கிருமி சாகும். அந்தப் புகை கண்ணில் பட்டால் கண்ணைத் திறக்க முடியாது, நெஞ்சுக்குள் போனால் இன்னும் மோசம். அதனால் புகை போடுகிற நேரம் முழுக்கக் கதவைக் காந்தம் பிடித்துக்கொண்டிருக்கும். கரண்ட் போனாலும் பேட்டரியில் பிடிக்கும். கம்ப்யூட்டர் நின்றுபோனாலும் பிடிக்கும். வெளியிலிருந்து விடுவிக்க ஒரே வழிதான், கம்ப்யூட்டரில் 'நிறுத்து' என்பதை அமுக்க வேண்டும். உள்ளேயிருந்து திறக்க ஒரு பொத்தானும் இருந்தது. அதைப் புகையே அரித்துத் தின்றுவிட்டது. மாற்றச் சொல்லி முதலாளி குமாரசாமியிடம் நானே சொல்லியிருக்கிறேன். அவர் மாற்றவில்லை. அந்தக் குற்றத்தை நீங்கள் அவர் தலையில் போடுவது நியாயம்தான்.

'நிறுத்து' என்பதற்குப் பாஸ்வேர்ட் வைக்கச் சொன்னவரும் அவர்தான். ஒருமுறை யாரோ வீட்டுக்குப் போகிற அவசரத்தில் புகையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். குஞ்செல்லாம் தொப்புளில் சீழ் வைத்துச் செத்தன. "ஏனுங்க செபஸ்தியான், கண்டவனும் நிறுத்தக் கூடாதுங்க. சூப்பர்வைசர் பொண்ணு பிரபா மட்டும் நிறுத்தற மாதிரி பண்ணிக் குடுத்துருங்க" என்றார். பண்ணிக் கொடுத்தேன். அதில்தான் எல்லாத் தலைவலியும் ஆரம்பம்.

அந்தக் கம்ப்யூட்டர் பழசு. புகை அறையின் கன்ட்ரோல் பேனலோடு பேசுகிற கார்டு ஒன்று அதில் இருக்கிறது, அது அந்தப் பழைய போர்டில் தவிர வேறு எதிலும் உட்காராது. அந்த மாதிரி மெஷினுக்கு இப்போது யாரும் லினக்ஸை, அதாவது மெஷினை ஓட்டுகிற அடிப்படை மென்பொருளை, தயாராகக் கொடுப்பதில்லை. இளவழகனைப் போன்ற ஆட்கள் என்றால் கையை விரித்துவிட்டுப் புதுசு வாங்கச் சொல்லியிருப்பார்கள். நான் சோர்ஸை, அதாவது மென்பொருளின் மூல எழுத்தை எடுத்து, ஒவ்வொன்றாக நானே கம்பைல் செய்து, அந்த மெஷினுக்கென்றே ஒரு லினக்ஸைக் கட்டினேன். சாயங்காலம் ஓடவிட்டால் காலையில் வந்து பார்க்கும்போது பாதி வழியில் ஏதோ ஒன்று இல்லையென்று நின்றுகொண்டிருக்கும். அதைத் தேடிக் கட்டினால் அதற்கு இன்னொன்று வேண்டும். அப்படித்தான் கட்டினேன். எல்லாம் வந்தது, இந்த அனுமதிப் பெட்டி ஒன்றைத் தவிர.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் வழக்கே இதில்தான் இருக்கிறது. டெஸ்க்டாப்பில் நீங்கள் ஒரு முக்கியமான காரியம் செய்யப் போனால் ஒரு சின்னப் பெட்டி வந்து பாஸ்வேர்ட் கேட்கும். பார்க்க ஒரே பெட்டிதான். பின்னால் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் இவருக்கு அனுமதி உண்டா என்று முடிவு செய்கிறவர். இன்னொருவர் திரையில் பெட்டியைக் காட்டிக் கேட்கிறவர். மூன்றாமவர் நீங்கள் அடித்த பாஸ்வேர்ட் சரியா என்று உள்ளே போய்ப் பார்த்து வருகிறவர். மூவரில் ஒருவர் முறைத்துக்கொண்டாலும் காரியம் நடக்காது. யார் முறைத்தார் என்று சொல்லவும் மாட்டார்கள்.

முதலில் பெட்டியே வரவில்லை. 'அனுமதி இல்லை' என்று மொட்டையாக ஒரு வரி, அவ்வளவுதான். விதிகளை ஒரு இடத்தில் நான் வைத்திருக்க, அது வேறு இடத்தில் தேடிக்கொண்டிருந்தது. அதைத் திருத்தினேன். பிறகு பெட்டி காட்டுகிறவர் டெஸ்க்டாப்போடு சேர்ந்து எழுந்திருக்கவில்லை. எழுப்பினேன். அப்புறம் பெட்டி வந்தது, பாஸ்வேர்ட் அடித்தால் தப்பு என்றது. எழுத்து எழுத்தாகப் பார்த்துச் சரியாக அடித்தாலும் தப்பு. நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பாஸ்வேர்டை மாற்றினேன், தப்பு. கீபோர்டை மாற்றினேன், தப்பு. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி கட்டினேன். அதே தப்பு.

இந்த நாட்களில் அங்கே எனக்கு ஆறுதலாக இருந்தவர் மாதையன் ஒருவர்தான். முட்டை ஏற்றி இறக்குகிற ஆள், எடப்பாடிப் பக்கத்துக்காரர். நான் வந்து உட்கார்ந்தால் பேச்சில்லாமல் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து பக்கத்தில் போடுவார், அதன் மேல் டீ இருக்கும். போகிற போக்கில் திரையை எட்டிப் பார்த்து, "பொட்டி இன்னிக்குப் பேச்சுக் கேக்குதுங்களா சாமி?" என்பார். இல்லை என்றால், "அதுக்கும் கோவம் இருக்குமுங்க. உடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். மற்றவர்கள் என்னைச் சுவரில் அடித்த ஆணியாகத்தான் பார்த்தார்கள். அவருக்கு என்மேல் மரியாதை இருந்தது. அவர்மேல் எனக்கு எந்தக் காலத்திலும் எந்த வருத்தமும் கிடையாது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தேன். நான் வீட்டில் கட்டியதைப் பெண்டிரைவில் போட்டு எடுத்துவந்து இங்கே இறக்கினேன் அல்லவா, அதில் போயிருக்கிறது. அந்த மூன்றாமவர், உள்ளே போய்ச் சரிபார்க்கிறவர், அவருக்கு மட்டும் ஒரு தனி அடையாளம் உண்டு. யார் ஓட்டினாலும் மெஷினின் சொந்தக்காரராகவே அவர் ஓடுவார் என்பதற்கான முத்திரை அது. பெண்டிரைவில் ஏறி இறங்கினால் அந்த முத்திரை அழிந்துபோகும். முத்திரை இல்லாதவரை உள்ளே யாரும் சேர்க்க மாட்டார்கள். அவர் போன வழியே திரும்பிவந்து 'தப்பு' என்பார். பாஸ்வேர்டை அவர் பார்த்திருக்கவே மாட்டார். இதைச் சரிசெய்ய ஒரே ஒரு வரி அடித்தால் போதும். அடித்தேன். பிரபாவைக் கூப்பிட்டுப் பாஸ்வேர்ட் போடச் சொன்னேன். கதவு 'டக்'கென்று விட்டது.

நான் திரும்பிப் பார்த்தேன். பிரபா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆச்சுங்களா சார்? சரிங்க" என்றார். அவ்வளவுதான் பாராட்டு. மாதையன் அன்று லீவு.

அதன் பிறகு அந்த லினக்ஸில் ஒரு கோளாறும் வரவில்லை. இதைத்தான் இளவழகன் கவனிக்க வேண்டும். வெயில் காலம் முழுக்க, மழைக் காலம் முழுக்க, அது ஓடியது. போன் வரவே இல்லை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசை நடுவில் போன் அதிரும், என் மனைவி அக்சிலியா முறைப்பார், நான் எழுந்து பக்கவாட்டுக் கதவால் வெளியே போவேன். எல்லாரும் பார்ப்பார்கள். இப்போது பூசை முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன். "பரவால்லியே, ஹேச்சரிக்காரங்க உங்கள மறந்துட்டாங்க போல" என்றார் அக்சிலியா. நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

நானாகவே ஒருநாள் போனேன். குமாரசாமி கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் இளவழகனை உட்கார வைத்திருந்தார். மச்சான் மகனாம், நாமக்கல்லில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாராம். "இனி இவரே பாத்துக்குவாருங்க. நீங்க எதுக்குங்க வீணா அலையோணும்? அதுதான் நல்லா ஓடுதே. பட்டன அமுக்கறதுக்கு ஒரு ஆளுங்களா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இளவழகனும் சிரித்தார். நான் கட்டியது நன்றாக ஓடுகிறது, அதனால் நான் வேண்டாம். இதில் இருக்கிற அநியாயம் அந்த இருவருக்கும் தோன்றவே இல்லை. அரைகுறையாகக் கட்டியிருந்தால் என்னைக் கையில் வைத்துத் தாங்கியிருப்பார்கள்.

கடைசியாக ஒருமுறை எல்லாம் சரிபார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். தாராளமாகப் பாருங்கள் என்றார்கள். நான் உட்கார்ந்து டெர்மினலைத் திறந்து அந்த மூன்றாமவரின் முத்திரையை எடுத்தேன். அதற்கும் ஒரே வரிதான். வேறு எதையும் தொடவில்லை.

இதைத்தான் நான் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. அது சரிவர நிறுவப்படாதது அல்ல. சரியாக நிறுவப்பட்டு, சரியாக ஓடி, பிறகு என்னால் எடுக்கப்பட்டது. இளவழகன் லாக்கில், அதாவது மெஷின் தானாக எழுதிவைக்கிற பதிவில், 'முத்திரை இல்லை' என்ற வரியைப் பார்த்துவிட்டுக் கட்டியவனுக்கு வேலை தெரியாது என்ற முடிவுக்கு வந்துவிட்டார். அந்த மூன்றாமவரின் கோப்பின் மேல் இப்போது இருக்கிற நேரம் நான் கடைசியாகத் திருத்திய நேரம். அதற்கு முன் நடந்தது அதில் தெரியாது. ஆகவே நான் சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியப்போவதில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

எதிர்பார்த்த மாதிரியே போன் வந்தது. "ஏனுங்க சார், பொட்டி மறுக்காவும் தப்புங்குதுங்க. இளவழகன் சாரும் பாத்துட்டாருங்க, ஒண்ணும் புடிபடலீங்களாம்" என்றார் பிரபா. போனேன். பேட்டரியைப் பார்த்தேன், கேபிளைப் பிடுங்கிச் செருகினேன், உதட்டைப் பிதுக்கினேன், பிறகு யாரும் பார்க்காதபோது அந்த வரியை அடித்துச் சரிசெய்தேன். கிளம்புகிற நேரத்தில் மறுபடி எடுத்துவிட்டேன். அடுத்த வாரமும் கூப்பிட்டார்கள். மாதையன் மறுபடி ஸ்டூல் போட்டார், டீ வைத்தார். "உங்களக் கண்டாத்தான் சாமி அது அடங்குது" என்றார். என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் என்று கேட்டால் நான் அவற்றைத்தான் சொல்வேன். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. அந்த நாட்களில் புகை தன் நேரம் முடிந்து தானாக நிற்கும், கதவு தானாக விடும். நடுவில் நிறுத்த வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை. சும்மா சரிபார்க்கும்போதுதான் பெட்டி தப்பு என்றது, அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நடுவில் நிறுத்த வேண்டிய நாள் ஒன்று வரலாம் என்று எனக்குத் தோன்றியதா என்று நீங்கள் கேட்பீர்கள். தோன்றியது. அப்படி வந்தால் உடனே போய்விடலாம் என்பதற்காகத்தான் வெண்ணந்தூரிலேயே ஒரு தறி முதலாளியின் ஆபீஸில் வேலை பிடித்து வைத்துக்கொண்டேன். அங்கிருந்து ஹேச்சரி கூப்பிடு தூரம். என் பொறுப்புணர்வை நீங்கள் இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

அன்று முற்பகல் நான் அந்தத் தறி ஆபீஸில்தான் இருந்தேன். போன் வந்தது. பிரபாவின் குரலே வேறு மாதிரி இருந்தது.

"சார், மாதையன் மாமா உள்ள இருக்காருங்க. சரிஞ்ச தட்ட நிமித்தறக்கு டிராலிக்குப் பின்னால போயிருக்காரு, நான் பாக்காம புகையப் போட்டுட்டனுங்க. உள்ளருந்து தட்டறாரு சார். பாஸ்வேர்டு அடிச்சா தப்பு தப்புங்குது. அணைச்சுப் போட்டும் பாத்துட்டனுங்க. என்னங்க சார் பண்றது?"

பின்னால் தட்டுகிற சத்தம் எனக்கும் கேட்டது.

நான் யோசித்தேன். அதிகம் யோசிக்கவில்லை, ஆனால் தெளிவாக யோசித்தேன். அந்த ஒரு வரியைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். பிரபா கெட்டிக்காரப் பெண், எழுத்து எழுத்தாகச் சொன்னால் அடித்துவிடுவார். டீ ஆற்றுகிற நேரம்கூட ஆகாது. ஆனால் சொன்னால், இத்தனை வாரமும் இது ஒரே வரிதான் என்று அவருக்குத் தெரிந்துபோகும். பிரபாவுக்குத் தெரிந்தால் குமாரசாமிக்குத் தெரியும், இளவழகனுக்குத் தெரியும். அவர் எப்படிச் சிரிப்பார் என்று எனக்குத் தெரியும். ஆகவே நான், "வாரேனுங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

இந்த வார்த்தையைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்டீர்கள், மேடம். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஏன் உடனே போகவில்லை என்று. நீங்கள் தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்தவர் என்றாலும் உங்கள் ஊரிலும் இதேதான் இருக்கும். நம்மில் யாரும் போகும்போது போகிறேன் என்று சொல்வதில்லை. வாரேன் என்றுதான் சொல்கிறோம். போனை வைக்கும்போதும் அதைத்தான் சொல்கிறோம். கல்யாண வீட்டில் வாரேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவரை யாராவது வாசலில் நின்று எதிர்பார்த்திருக்கிறார்களா? நான் பேச்சை முடித்துக்கொள்ளச் சொன்னதை அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். நான் எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று எனக்கே அப்போது நிச்சயமில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் பொய் இல்லை.

அங்கே நடந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். ஜெனரேட்டர் ஆள் சின்னண்ணன் கடப்பாரையை எடுத்துவந்து கதவின் இடுக்கில் நுழைத்துவிட்டாராம். இன்னும் ரெண்டு நெம்பு நெம்பியிருந்தால் காந்தம் தகட்டோடு பெயர்ந்து வந்திருக்கும் என்று உங்களிடமும் சொல்லியிருக்கிறார். அப்போதுதான் பிரபா ஓடிவந்து, "இருங்கண்ணா, இருங்க. சார் வாராருங்களாம். வெண்ணந்தூர்லதான் இருக்காரு" என்றாராம். குமாரசாமியும், "அட, இந்தா வந்துருவாருப்பா, கதவு ஒண்ணும் சும்மா வல்லே, காசு குடுத்ததாக்கும்" என்றாராம். சின்னண்ணன் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். எல்லாரும் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் முடியாது என்று சொல்லியிருந்தால் அவர்கள் உடைத்திருப்பார்கள். இதை நான் மறுக்கவில்லை.

நான் தறி ஆபீஸில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கோப்பு நகலெடுக்கிற வேலையை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்டால் கோப்பு கெட்டுப்போகும். முகம் கழுவினேன். அத்தனை பேர் பார்க்கிற இடத்துக்கு வியர்வையோடு போக முடியாது. வண்டியை எடுத்தேன். வழியில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது என்பது சட்டம், அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னீர்கள் என்பதால். சோளக்காட்டுக்கு நடுவே அந்த ரோட்டில் போகும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கேட்டில் ஒரு கூட்டமே எனக்காக நிற்கிறது என்று தெரிந்து போவது அதுவரை எனக்கு நடந்ததே இல்லை.

நின்றார்கள். என் வண்டியைக் கண்டதும் வழி விட்டார்கள். குமாரசாமி என் கையைப் பிடித்து, "சாமி, உங்களத்தான் நம்பியிருக்கறோம்" என்றார். என்னைச் சாமி என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இளவழகனும் அங்கே இருந்தார், சுவரோரமாக, முகம் செத்துப்போய். தட்டுகிற சத்தம் இப்போது அவ்வளவு பலமாக இல்லை. ஒரு கை தட்டிவிட்டு, களைத்து, மறுபடி தட்டுவது போல இருந்தது.

நான் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இளவழகன் ரொம்பவே பக்கத்தில் நின்றார். அங்கே போனவுடன் ஒரு வரியை அடித்துக் கதவைத் திறந்தால் அவருக்குப் புரிந்துவிடும். ஆகவே நான் முதலில் லாக்கைத் திறந்தேன், மேலிருந்து கீழ்வரை ஓட்டினேன். ஒரு சர்வீஸை நிறுத்தி மறுபடி எழுப்பினேன். விதிக் கோப்பைத் திறந்து படிக்கிற மாதிரி பார்த்து மூடினேன். தேவையே இல்லாத இன்னும் சில வேலைகளும் செய்தேன். கஷ்டமான வேலை கஷ்டமாகத் தெரிய வேண்டும். பிரபா என் தோளுக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தார். "தள்ளி நில்லுங்க, கை நடுங்குது" என்றேன். என் கை நடுங்கவில்லை. அவர்கள் தள்ளி நின்றார்கள். அப்போது அந்த வரியை அடித்தேன். பெட்டி வந்தது. பாஸ்வேர்டை அடித்தேன்.

கதவு விட்டது. தட்டுகிற சத்தம் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. வேலையில் இருந்தேன்.

மாதையன் கதவை ஒட்டியே கிடந்தார். சின்னண்ணன்தான் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இழுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் முடிந்துவிட்டது. அதற்குள் அவர் எதுவும் பேசவில்லை என்றார்கள்.

பிரபாவை நீங்கள் விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆள் இருப்பதைப் பார்க்காமல் புகை போட்டது அவர் தவறு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் அடித்த பாஸ்வேர்ட் சரியானது. ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் அடித்திருக்கிறார். அதைக் கோர்ட்டில் சொல்லுங்கள். பாவம், தான் பதற்றத்தில் தப்பாக அடித்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி அழுகிறாராம். சின்ன வயது.

முத்திரையை எடுத்தவன் நான். போனில் சொல்லாமல் விட்டவன் நான். வாரேன் என்றவன் நான். வந்த பிறகும் நேரம் கடத்தியவன் நான். இவை நான்கையும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். பதிலுக்கு, அறிக்கையிலிருந்து 'சரிவர நிறுவப்படாததால்' என்பதை அடித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த மெஷின் இப்போது உங்கள் ஸ்டேஷன் மூலையில் சாக்குக்கு அடியில் கிடக்கிறது. யாராவது கரண்ட் கொடுத்துப் பார்த்தால் தெரியும், இன்றைக்கும் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும்.

என்னைக் கொலைகாரன் என்று நீங்கள் எழுதுவீர்கள். எழுதுங்கள், உங்கள் வேலை அது. ஆனால் எடப்பாடியில் மாதையன் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு எழுதுங்கள். அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். பின்னால் ஓரமாகத்தான் நின்றேன். அவர் மனைவி குஞ்சம்மாள் கூட்டத்தில் என்னை அடையாளம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அத்தன பேரு நின்னாங்களாம், ஒருத்தராலயும் முடியலீங்களாம். நீங்க வந்துதானுங்க சாமி கதவத் தொறந்தீங்க. இல்லீனா அவர உசுரோட ஒருநாளு பாத்திருக்கவே மாட்டனுங்க" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதனால் நான் எதையும் திருத்தவில்லை.